வயலினை நிறுத்தினால் கணக்கு வருமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். ஒரே மகன், பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. இந்த ஆண்டுதான் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றினோம். இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் வடசேரிக்கு அழைத்துப் போய் ஓர் ஆசிரியரிடம் வயலின் கற்றுக்கொடுக்கிறேன். ஆசையாகப் படிக்கிறான். ஆனால் கணக்கில் எண்பதுக்குக் குறையாதவன், காலாண்டுத் தேர்வில் 41 வாங்கியிருக்கிறான். வயலினை ஏறக்கட்டிவிட்டு டியூஷனுக்கு அனுப்பு என்கிறார் என் அண்ணன். நாகர்கோவிலில் ஒரு மையத்தில் 'இசை வழி மூளை வளர்ச்சி' என்று வகுப்பு நடத்துகிறார்கள். ஆண்டுக்கு 24,000 ரூபாய் கட்டினால் ஐ.க்யூ. உயரும், கணக்கு தானாக வரும் என்கிறார்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. என் அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். சென்ற ஆண்டு ஆடியில் காலமானார். என் மகன் அவர் மடியிலேயே வளர்ந்தவன். கடந்த பங்குனியில் ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு தொடங்கிக் குடம் முழங்கியதும் தேம்பித் தேம்பி அழுதான். வீட்டிலும் சில நாள் தாத்தா பாடும் ஒரு மெட்டை வயலினில் தடவித் தடவி வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். பாட்டு படித்து மனம் இளகிவிட்டது, ஆண் பிள்ளை இப்படி அழலாமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். பார்த்தால் அழுவான் என்று அப்பாவின் குடத்தைப் பரணில் மறைத்து வைத்திருக்கிறேன். இசை மூளைக்கு நல்லதா? மனத்தைக் கெடுக்குமா? காலாண்டு விடைத்தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். கடிதத்தை ஒரு தடவை படித்தேன். விடைத்தாளை நாலைந்து தடவை பார்த்தேன். முதலில் அதைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதில் அதில்தான் இருக்கிறது.

முதல் பக்கத்தில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என நேரடியாகக் கொடுத்த பன்னிரண்டு கணக்கில் பதினொன்று சரி. நான்கு இலக்க எண்ணை இரண்டு இலக்க எண்ணால் வகுத்து, மீதியையும் பிசகில்லாமல் எழுதியிருக்கிறான். அடித்தல் திருத்தல் கிடையாது. தாளைத் திருப்பினால் வேறொரு பையன் எழுதியது போல இருக்கிறது. ஆறு வாக்கியக் கணக்குகளில் மூன்றைத் தொடவே இல்லை. ஒரு விவசாயியிடம் 346 தேங்காய் இருக்கிறது, சாக்குக்கு 12 வீதம் கட்டினால் எத்தனை சாக்கு நிரம்பும், எத்தனை மிஞ்சும் என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. உங்கள் மகன் இரண்டு எண்ணையும் கூட்டி 358 என்று எழுதியிருக்கிறான். பூதப்பாண்டிப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைக்குச் சாக்கில் கட்டினால் தேங்காய் பெருகாது என்று தெரியாமலா இருக்கும்? கேள்வி என்ன கேட்கிறது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. இரண்டு எண்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. எதையாவது எழுத வேண்டுமே என்று கூட்டிவிட்டான்.

ஆங்கில வழிக்கு மாற்றினோம் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அந்த வரிதான் பெரிதாகப் படுகிறது. மதிப்பெண் சரிந்தது இந்த ஆண்டு. வயலின் தொடங்கியது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. வயலின்தான் கணக்கைத் தின்றது என்றால் அது சென்ற ஆண்டே தின்றிருக்க வேண்டும்.

இன்றிரவு ஒன்று செய்து பாருங்கள். அந்த ஆறு கணக்கையும் நீங்களே தமிழில் சொல்லுங்கள், வீட்டில் பேசுகிற தமிழில். கடிகாரம் வேண்டாம், மாமா பக்கத்தில் உட்கார வேண்டாம். நாலு கணக்குக்கு மேல் சரியாகச் செய்தான் என்றால் அவனுடைய கணக்குக்கு ஒரு குறையும் இல்லை. அப்போது தேவைப்படுவது கணக்கு டியூஷன் இல்லை, கணக்குப் புத்தகத்து ஆங்கிலம். 'ஒவ்வொன்றுக்கும்', 'மொத்தம்', 'மீதம்', 'சமமாகப் பங்கிட்டால்', 'எவ்வளவு அதிகம்' என்பவற்றுக்கு அந்தப் புத்தகத்தில் வரும் ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் அவனே எழுதட்டும். எதிரில் தமிழ்ச் சொல்லும், அதற்கு எந்தச் செயல் வரும் என்ற குறியும் இருக்கட்டும். முப்பது சொல்லுக்கு மேல் போகாது. அரையாண்டுக்குள் முடித்துவிடலாம். வகுப்பாசிரியரைச் சந்தித்து, வாக்கியக் கணக்கை ஒருமுறை தமிழில் விளக்கிச் சொல்ல முடியுமா என்றும் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள்.

தமிழில் சொல்லியும் வரவில்லை என்றால் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். அதன்பிறகு கற்றல் குறைபாடு உண்டா என்று முறையாகச் சோதிக்கலாம். முதல் பக்கத்தை அப்படிச் செய்திருக்கும் பிள்ளைக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

இனி இசைக்கு வருகிறேன். உங்கள் அண்ணன், இசை கணக்கைக் கெடுக்கிறது என்கிறார். அந்த மையத்தார், இசை கணக்கைக் கொடுக்கிறது என்கிறார்கள். எதிரெதிராகத் தெரிந்தாலும் இருவரும் செய்வது ஒன்றுதான். இசையைக் கணக்கு மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விழாவில் நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். பிள்ளைகளை இசை படிக்க வையுங்கள், கணக்கில் நூறு வாங்குவார்கள் என்றேன். பெற்றோர்கள் கைதட்டினார்கள். நான் சொன்னது தவறு. அதை நம்பிப் பிள்ளையைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்து, மதிப்பெண் ஏறவில்லை என்று ஆறு மாதத்தில் நிறுத்திய ஒரு தந்தையைப் பிறகு சந்தித்தேன். அந்தப் பிள்ளைக்குக் கீபோர்டு பிடித்திருந்தது. அதனால்தான் உங்களுக்கு இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்த 'மூளை வளர்ச்சி' வியாபாரத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1993இல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பிரான்சஸ் ரவுஷர் குழுவினர் 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ இசையைக் கேட்கவைத்தார்கள். பிறகு, மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற புதிர்களைக் கொடுத்தார்கள். அமைதியாக உட்கார்ந்திருந்தபோது செய்ததைவிட நன்றாகச் செய்தார்கள். ஐ.க்யூ. கணக்கில் சொன்னால் எட்டு, ஒன்பது புள்ளி. அந்த உயர்வு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தும் போனது. ஆய்வாளர்கள் இதை ஒளிக்கவில்லை. கல்லூரி மாணவர், ஒரு வகைப் புதிர், கால் மணி நேரம் என்பதெல்லாம் செய்தியாகப் பரவும்போது உதிர்ந்துபோய், மோட்சார்ட் கேட்டால் குழந்தை அறிவாளியாகும் என்பது மட்டும் மிஞ்சியது. 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைப் பதிவு வழங்க 1,05,000 டாலர் கேட்டு வரவுசெலவுத் திட்டத்தில் வைத்தார்.

அடுத்த ஆண்டே கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள் இசைக்குப் பதில் கதையைக் கேட்கவைத்துப் பார்த்தார்கள். கதை பிடித்தவர்கள் கதை கேட்ட பின் நன்றாகச் செய்தார்கள். இசை பிடித்தவர்கள் இசை கேட்ட பின். ஆகவே உதவியது மோட்சார்ட் இல்லை, பிடித்ததைக் கேட்டதில் வந்த மலர்ச்சியும் விழிப்பும்தான். 2010இல் வியன்னா பல்கலைக்கழகத்தார், மோட்சார்ட் வாழ்ந்து மறைந்த நகரத்தார், ஏறத்தாழ 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அந்த இசைக்கென்று தனிச் சக்தி ஏதும் இல்லை என்று முடித்தார்கள்.

இசையைக் கேட்பது வேறு, ஆண்டுக்கணக்கில் கற்பது வேறு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. டொரன்டோவில் கிளென் ஷெல்லன்பர்க் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல நான்கு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கீபோர்டு, ஒன்றுக்கு வாய்ப்பாட்டு, ஒன்றுக்கு நாடகம், ஒன்றுக்கு எதுவும் இல்லை என்று 36 வாரம் நடத்தினார்கள். பள்ளியில் சேர்ந்த ஆண்டு என்பதால் எல்லாப் பிள்ளைகளின் ஐ.க்யூ.வும் ஏறியது. இசை படித்தவர்களுக்குச் சராசரியாக 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4.3. வித்தியாசம் மூன்றுக்கும் குறைவு. ஒரே பிள்ளைக்கு வேறொரு நாளில் அதே தேர்வை வைத்தாலே அவ்வளவு ஏறி இறங்கும். அதே ஆய்வில் நாடகம் படித்த பிள்ளைகளுக்குப் பிறரோடு பழகும் தன்மை மேம்பட்டது. அதைப் பற்றி யாரும் விளம்பரம் போடவில்லை.

பிறகு வந்தவை இன்னும் அடக்கமாகவே பேசுகின்றன. ஹார்வர்டில் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட இரண்டு சோதனைகளில் ஆறு வார இசை வகுப்பால் நம்பத்தகுந்த பயன் எதுவும் தென்படவில்லை. 2020இல் சாலா, கோபே என்ற இருவர் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 பிள்ளைகளின் விவரங்களை, ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். ஒழுங்காகத் திட்டமிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால் படிப்புக்கும் பொது அறிவுத்திறனுக்கும் கிடைக்கும் பயன் பூச்சியத்தை ஒட்டியே நின்றது. அந்தக் கணக்கீடு சரியில்லை, சிறிய பயன் இருக்கத்தான் செய்கிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2022இல் மறுத்தார்கள். விவாதம் நடக்கட்டும். சிறியதா, பூச்சியமா என்பதுதான் அங்கே சண்டை. கணக்கு தானாக வரும் என்று சொல்பவர் அந்தச் சண்டையில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அப்படியானால் இசை படிக்கிற பிள்ளைகள் பலர் படிப்பிலும் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்களே, அது எப்படி? ஸ்வீடனில் இரட்டையர்களை வைத்து 2016இல் வந்த ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவர் அதிக நேரம் இசை பயின்றவர், மற்றவர் குறைவு. இருவருக்கும் ஐ.க்யூ.வில் வேறுபாடு இல்லை. இசையைத் தொடர்ந்து படிக்கும் இயல்பும் படிப்பில் தேறும் இயல்பும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பதுதான் இதன் பொருள். வேரில் ஒரு பாதி பிறப்பு என்றால் இன்னொரு பாதி வீடு என்பேன். சனிக்கிழமைதோறும் பிள்ளையைப் பஸ் ஏற்றி வடசேரிக்குக் கூட்டிப்போய், வகுப்பு முடியும்வரை காத்திருக்கும் ஒரு தாய் இருக்கும் வீட்டில் படிப்பும் கவனிக்கப்படும். அந்தப் பெருமையை வயலினுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னதால் வயலின் அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். செய்திருக்கிறது. இசை நேரடியாகத் தொடுகிற இடங்களில், காதிலும் விரலிலும் காலக்கணக்கிலும், அதன் வேலை மிகத் தெளிவாகத் தெரிகிறது.

அடுத்த முறை அவன் வாசிக்கும்போது எதிரில் உட்கார்ந்து இடது கையை மட்டும் பாருங்கள். வீணையில் இருப்பது போல வயலினில் மெட்டுக் கட்டைகள் கிடையாது. விரல் எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட ஒரு கோடுகூட இல்லை. தொடக்கப் பாடங்களுக்கு உரிய மாயாமாளவகௌளை ராகத்தில் சட்ஜத்தை ஒட்டினாற்போலச் சுத்த ரிஷபம் நிற்கும். அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரு தாவல். விரல் ஓர் எள்ளளவு தள்ளி விழுந்தால் சுருதி சேராது. காது அதைப் பிடிக்கும், விரல் நகரும், காது ஒப்புக்கொள்ளும். இது ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை இரண்டு ஆண்டுகளாக நடந்திருக்கிறது. கம்பி வாத்தியம் வாசிப்பவர்களுக்கு மூளையில் இடது கை விரல்களின் உணர்வுக்கு உரிய பகுதி மற்றவர்களைவிட விரிந்திருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர் தாமஸ் எல்பர்ட் குழு 1995இலேயே காட்டியது. சிறு வயதில் தொடங்கியவர்களுக்கு அது இன்னும் அதிகம். லாஸ் ஏஞ்சல்ஸில் வசதி குறைந்த பகுதிப் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுத்து நீனா கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சொலிகளை மூளை பிரித்து வாங்கும் விதம் கூர்மையானது தெரிந்தது. ஓராண்டில் எதுவும் தெரியவில்லை. இரண்டு ஆண்டு முடிந்த பிறகே தெரிந்தது. எவரும் கற்றுக்கொடுக்காமல் தாத்தாவின் மெட்டைக் கேட்ட நினைவிலிருந்தே வயலினில் தேடி எடுக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காது இப்படித்தான் வந்தது.

கணக்குக்கும் இதிலிருந்து ஒரு வழி உண்டு. ஆனால் யாராவது கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். கலிபோர்னியாவில் 2012இல் வந்த ஓர் ஆய்வில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இசைக்குறிகளின் கால அளவை வைத்தே பின்னம் சொல்லிக்கொடுத்தார்கள். வழக்கமான முறையில் படித்தவர்களைவிட அவர்களுக்குப் பின்னம் நன்றாகப் புரிந்தது. நம் இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையில் இது ஆயத்தமாகவே இருக்கிறது. ஆரோகணமும் அவரோகணமும் சேர்ந்து 16 ஸ்வரம். முதல் காலத்தில் அதற்கு 16 எண்ணிக்கை, இரண்டாம் காலத்தில் 8, மூன்றாம் காலத்தில் 4. மூன்றாம் காலத்தில் ஒரு ஸ்வரம் எண்ணிக்கையில் எத்தனை பங்கு என்று கேளுங்கள். கால் என்று தொடையில் தட்டிச் சொல்லிவிடுவான். அதையே நோட்டில் பின்னமாக எழுதச் சொல்லுங்கள். விரலுக்குத் தெரிந்தது காகிதத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே வயலினை நிறுத்த வேண்டாம். அந்த மையத்திலும் சேர்க்க வேண்டாம். 24,000 ரூபாய் உங்கள் கணவர் வெயிலில் நின்று சம்பாதிப்பது. அவன் வயதுக்கு ஏற்ற அளவில் வயலின் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வளர்கிற பிள்ளைக்கு இரண்டு ஆண்டில் வயலின் சின்னதாகிவிடும். அதற்குச் செலவிடலாம். வில்லுக்கு முடி மாற்றலாம். டியூஷன் தேவை என்றே ஆனாலும் சனிக்கிழமையைத் தொடாமல் வேறொரு நாள் பாருங்கள்.

அழுகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது இந்தப் பகுதிதான்.

இசை எப்படி உணர்ச்சியை எழுப்புகிறது என்பதற்கு ஸ்வீடனைச் சேர்ந்த பாட்ரிக் யூஸ்லின், டேனியல் வெஸ்ட்ஃபியல் என்ற இருவரும் 2008இல் ஆறு வழிகளை எடுத்துச் சொன்னார்கள். சட்டென்று எழும் ஒலியில் உடல் அதிர்வது ஒன்று. அடுத்து என்ன வரும் என்று காத்திருந்து, வந்ததும் நிறைவது ஒன்று. தாழ்ந்து தளர்ந்து வரும் இசை, துயரத்தில் இருக்கும் மனிதக் குரலைப் போல இருப்பதால் நம்மையும் தொற்றுவது ஒன்று. இன்னொன்று நினைவு. ஓர் ஒலி, அதை முன்பு கேட்ட இடத்தையும் ஆளையும் அப்படியே திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

கொடையில் உங்கள் மகனுக்கு நடந்தது இந்தக் கடைசி வழி. குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழும் அந்தக் கும்மென்ற ஒலியை அவன் காதால் மட்டும் கேட்டு வளரவில்லை. தாத்தாவின் மடியில் இருந்தவனுக்கு அது முதுகிலும் நெஞ்சிலும் அதிர்ந்திருக்கும். அவர் போன பிறகு எட்டு மாதம் கழித்து, அதே ஒலி வேறொருவர் கையிலிருந்து வருகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் தாத்தா இல்லை. அழாமல் என்ன செய்வான்?

இதை மனத் தளர்ச்சி என்று சொல்லும் உறவினர்களுக்கு நம் தொல்காப்பியத்தையே காட்டுங்கள். எட்டு மெய்ப்பாடுகளில் நகைக்கு அடுத்தபடியாக அழுகையை வைத்து, அது பிறக்கும் காரணங்கள் நான்கு என்கிறது. அவற்றில் ஒன்று இழவு. உற்றதை இழந்தவன் அழுவான் என்பதை மனித இயல்பாக எழுதி வைத்த மொழி நம்முடையது. ஆண் அழக்கூடாது என்று அங்கே ஒரு விதியும் இல்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது. ஆண்களுக்குப் பந்தல் போடுவதும் விறகு ஏற்பாடு செய்வதும் இருந்தன. அவர்கள் துக்கத்தை எங்கே வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. என் அறைக்கு வரும் ஐம்பது, அறுபது வயது ஆண்கள் பலரிடம் அந்தக் கணக்கு இன்னும் தீராமல் இருப்பதைப் பார்க்கிறேன். உங்கள் மகன் பத்து வயதிலேயே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். அதை அடைத்துவிடாதீர்கள்.

அவன் வீட்டில் செய்வதைக் கவனியுங்கள். யாரும் சொல்லாமல் அந்த மெட்டை எடுக்கிறான், வாசிக்கிறான், கண்ணைத் துடைத்துக்கொள்கிறான், பிறகு, என் ஊகம் சரியென்றால், விளையாடப் போய்விடுகிறான். பிள்ளைகள் துக்கத்தைப் பெரியவர்கள் போல நாள் முழுக்கச் சுமப்பதில்லை. கொஞ்சம் தொட்டுவிட்டு விலகி ஓடுவார்கள், மறுபடி வருவார்கள். எப்போது தொடுவது, எவ்வளவு நேரம் தொடுவது என்பதை வயலின் அவன் கையிலேயே கொடுத்திருக்கிறது. அந்த அழுகையில் வேதனை மட்டும் இருக்காது. மயிர்க்கூச்செறியும்படி இசை நம்மைத் தொடும் நேரத்தில், பசிக்கு உணவு கிடைத்தால் விழித்துக்கொள்ளும் அதே மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்வதை மான்ட்ரியலில் ஆன் பிளட், ராபர்ட் சடோரி இருவரும் 2001இல் படமெடுத்துக் காட்டினார்கள். 2011இல் அதே நகரத்து ஆய்வு, அந்த நொடிக்கு முன்பு காத்திருக்கும்போதே டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சுரக்கத் தொடங்குகிறது என்றது. அழுதுகொண்டே ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப ஒருவன் வாசிப்பது ஏன் என்று இப்போது உங்களுக்கும் விளங்கும்.

இசைப் பயிற்சி மனத்தை இளக்கிவிடுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு கீபோர்டு படித்த பிள்ளைகள், பேசுபவரின் குரலில் இருக்கும் உணர்ச்சியைச் சற்று நன்றாகக் கண்டுகொண்டார்கள் என்று 2004இல் ஓர் ஆய்வு வந்தது. 2008இல் வந்த இன்னொன்று, அதற்குக் காரணம் இசைப் பயிற்சி இல்லை, அந்த ஆளின் உணர்வறியும் இயல்புதான் என்றது. எப்படிப் பார்த்தாலும் பயிற்சி ஒருவனை அழுமூஞ்சியாக்கும் என்று காட்டுவது எதுவும் நான் படித்ததில் இல்லை. உங்கள் மகன் இளகியவன் என்றால் அப்படியே பிறந்தவன், அப்படிப்பட்ட ஒரு தாத்தாவிடம் வளர்ந்தவன்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். தூக்கமோ சாப்பாடோ குறைந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், விளையாட்டிலும் வயலினிலும் ஆசை விட்டுப்போய் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால், தாத்தாவிடம் போக வேண்டும் என்று சொன்னால், தாமதிக்காமல் அழைத்து வாருங்கள். உடனே பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. ஆசையாகப் படிக்கிறான் என்றே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த மெட்டை அவன் தனியாக மட்டும் வாசிக்க வேண்டியதில்லை. வில்லுப்பாட்டில் முன்னால் பாடுபவர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தும்போது பின்னால் இருப்பவர்கள் சேர்ந்து 'ஆமா' போடுகிறார்களே, அது கதைக்கு மட்டும் தேவைப்பட்டதில்லை என்று நான் நினைக்கிறேன். லைப்சிக்கில் நான்கு வயதுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து பாடி, தாளம் தட்டி விளையாட விட்டார்கள். இசையில்லாமல் அதே விளையாட்டை விளையாடிய பிள்ளைகளைவிட அவர்கள் ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள் என்று 2010இல் எழுதினார்கள். கொடைப் பந்தலிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது காலங்காலமாகக் கிடைத்து வந்திருக்கிறது. உங்கள் மகனுக்கு வீட்டிலேயே கிடைக்கட்டும். வெள்ளிக்கிழமை உங்கள் கணவருக்கு விடுமுறையாக இருக்கும். வீடியோ அழைப்பில் அப்பாவுக்கு அந்த மெட்டை வாசித்துக் காட்டட்டும். அழுதால் அழட்டும். அவரும் அழுதால் இன்னும் நல்லது.

வடசேரி ஆசிரியரிடம் தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த மெட்டுக்கு ஸ்வரம் எழுத அவனுக்கு உதவும்படி கேளுங்கள். எழுதிக் கொடுத்துவிட வேண்டாம், அவனே கண்டுபிடித்து எழுதட்டும், தவறினால் மட்டும் அவர் திருத்தட்டும்.

பிறகு அந்தக் குடம். பரணிலிருந்து நீங்களே இறக்க வேண்டாம், அவனையும் கூட வைத்துக்கொண்டு இறக்குங்கள். ஓராண்டுக்கு மேல் கிடந்த மண்குடம், இரண்டு மழைக்காலம் பார்த்தது. கீறல் விழுந்திருக்கிறதா என்று விரலால் சுண்டிப் பார்த்தால் ஒலியிலேயே தெரிந்துவிடும். அவன் காதுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். கீறல் இல்லை என்றால் தாத்தாவின் குழுவில் இருந்தவர் யாரையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். அவர் குடத்தை எடுத்துக்கொள்ளட்டும், இவன் வயலினை எடுத்துக்கொள்ளட்டும். பின்னால் 'ஆமா' போட நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் அண்ணனும் இருக்கிறார்.